53 கிரேடு இல்லாவிட்டால் வீடு நிற்காதா? சிமெண்ட், சாம்பல், கார்பன் பற்றி ஓர் இழை

ராஜி_மடிப்பாக்கம்
எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, தளத்துக்கு 1,100 சதுர அடி என்று கட்டப் போகிறோம். கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனில் முதல் வரியே "ஓ.பி.சி. 53 கிரேடு மட்டும்" (எதுவும் கலக்காத சாதா போர்ட்லண்ட் சிமெண்ட், 53 அதன் வலு எண்). பி.பி.சி. (அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட்) போடலாமே, அதில் கார்பன் கம்மி என்கிறார்களே என்று கேட்டேன். "மேடம், அது சாம்பல் கலந்த மால். பூச்சுக்கு ஓகே. தளத்துக்குப் போட்டா நான் கேரண்டி தர மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

அவர் சொல்வது சரியா? எல்.சி.3 என்று புது வகை சிமெண்ட் ஒன்று வந்திருக்கிறதாமே, அது சென்னையில் கிடைக்குமா? இன்னொன்று, ஒரே ஒரு வீட்டில் இதையெல்லாம் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்குச் சொல்ல ஏதாவது கணக்கு இருந்தால் கொடுங்கள். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், எண்ணோடு சொன்னால்தான் எனக்கும் புரியும்.

கலவை_குமார்
மேடம், உங்க கான்ட்ராக்டர் சொல்றதுல பாதி நெசம், பாதி அவரு வசதி. நம்ம சைட்ல ரெண்டும் போட்டிருக்கோம். பி.பி.சி. கலவை கையில நல்லா வழவழன்னு வரும், பூச்சுல விரிசலும் கம்மி. ஆனா செட்டாக லேட்டாகும். அதான் மேட்டரு. மழைக்காலத்துல காலைல தளம் போட்டா சாயங்காலம் வரைக்கும் மேல கால் வைக்க பயமா இருக்கும்.

கடற்கரை_சேகர்
நான் பெசன்ட் நகர்க்காரன். எங்கள் ஃபிளாட்டில் சன்ஷேடு கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் பெயர்ந்து கார் மேல் விழுந்தது. சரிபார்க்க வந்த என்ஜினியர், "அந்தக் காலத்துல சாம்பல் சிமெண்ட் போட்டிருப்பாங்க" என்றார். ராஜி மேடம், சுற்றுச்சூழல் எல்லாம் நல்லதுதான். வீடு விஷயத்தில் பரிசோதனை வேண்டாம்.

சூளைவாசி
ஓய்வுபெற்றவன். அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலையொன்றில் கில்ன் (சூளை) பிரிவில் காலம் தள்ளியவன். சேகர் சார் கோபிக்க வேண்டாம், ஆனால் "சாம்பல் கலந்த மால்" என்ற இந்தப் பேச்சை முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது.

சிமெண்ட் ஆலை செய்வது அடிப்படையில் ஒரே வேலைதான். சுண்ணாம்புக்கல்லையும் கொஞ்சம் களிமண்ணையும் பொடித்து, 1,450 டிகிரி வரை சுட்டு, கோலி போல உருண்டையாக வரும் கிளிங்கரை எடுத்து, ஜிப்சம் சேர்த்து அரைப்பது. கில்ன் வாயில் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சள் வெள்ளையாகக் குழம்பு புரளுவது தெரியும். அந்த நிறத்தை வைத்தே பழைய ஆப்பரேட்டர்கள் உள்ளே வேகிறதா, அதிகமாக வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். இப்போது எல்லாம் கண்ட்ரோல் ரூம் திரையில்.

இதில் கார்பன் எங்கிருந்து வருகிறது? புகைபோக்கியைப் பார்த்ததும் எல்லோரும் நிலக்கரி என்பார்கள். அது சின்னப் பங்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கல்லுக்குள்ளேயே இருப்பது அது. சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் வெளியே வந்தே தீரும். ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல், எரிபொருளிலிருந்து சுமார் 0.3 டன். மொத்தம் 0.85 என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் கணக்கில் வருவது இதனால்தான்.

எரிபொருளில் மிச்சம் பிடிப்பதை எங்கள் தலைமுறையே கிட்டத்தட்ட முடித்துவிட்டது. கல்லைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக ஊற்றிச் சுட்ட பழைய ஈர முறையில் ஒரு கிலோ கிளிங்கருக்கு 1,300 கிலோ கலோரிக்கு மேல் போகும். இன்றைய உலர் முறை ஆலைகள் 700 முதல் 750-க்குள் நிற்கின்றன. வேதியியல் கணக்குப்படியே 400-க்கு மேல் கட்டாயம் வேண்டும். இனி எவ்வளவு பிழிந்தாலும் சொட்டுத்தான் வரும். ஆகவே மிச்சம் இருக்கும் பெரிய வழி, மூட்டையில் கிளிங்கரைக் குறைப்பது. பி.பி.சி. அதைத்தான் செய்கிறது. ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரநிர்ணயம் சொல்வது 15 முதல் 35 சதவீதம் வரை உலர் சாம்பல். கலப்படக்காரன் மறைப்பான், இங்கே சாம்பல் எத்தனை சதவீதம் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கும், போய்ப் பாருங்கள். நாட்டில் விற்கும் சிமெண்டில் பெரும்பங்கு இன்று பி.பி.சி.தான். சென்னையில் நின்றுகொண்டிருக்கும் வீடுகளில் எத்தனையோ அதில் கட்டியவை, சொந்தக்காரருக்கே தெரியாது.

ராஜி_மடிப்பாக்கம்
ஐயா, நீங்கள் கொடுத்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதுர அடிக்கு 0.4 மூட்டை என்று கான்ட்ராக்டர் சொன்னார். 2,200 சதுர அடிக்கு 880 மூட்டை, அதாவது 44 டன். ஓ.பி.சி.யில் 95 சதவீதம் கிளிங்கர் என்றால் சுமார் 35.5 டன் கார்பன் டை ஆக்சைடு. பி.பி.சி.யில் 65 சதவீதம் என்றால் 24.3. வித்தியாசம் 11 டன்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ என்கிறார்கள், அப்படியானால் 4,800 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். என் ஸ்கூட்டருக்கு ஆயுசுக்கும் அவ்வளவு போட மாட்டேன். சரியாகப் போட்டிருக்கிறேனா?

சூளைவாசி
சரியாகத்தான் இருக்கிறது அம்மா. அரைக்கும் மின்சாரம், லாரி டீசல் எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் மாறும், பெரிதாக இல்லை. அந்த 65 என்பது சாம்பல் நன்றாகச் சேர்த்த மூட்டைக்கு. 20 சதவீதம் மட்டும் சேர்த்த மூட்டை என்றால் மிச்சமும் குறையும். அதனால்தான் மூட்டையைப் படிக்கச் சொன்னேன்.

ஆய்வுமாணவன்_கிண்டி
சேகர் சாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காங்கிரீட் ஆயுள் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பி துருப்பிடிக்க இரண்டு வழி. ஒன்று, கடல் உப்பிலிருக்கும் குளோரைடு காங்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடுவது. மற்றது, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய் காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைப்பது. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர்ப் பக்கம் பெரிய எதிரி முதலாவது. இந்தக் குளோரைடைத் தடுப்பதில் சாம்பல், ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) கலந்த சிமெண்ட் தனி ஓ.பி.சி.யை விட நன்றாகவே வேலை செய்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது மிஞ்சும் சுண்ணாம்பைச் சாம்பல் பிடித்துக்கொண்டு மேலும் பசையாக மாற்றுகிறது, நுண்துளைகள் அடைபடுகின்றன. ஆனால் அதே காரணத்தால் இரண்டாவது வழியில், அதாவது கார்பனேற்றத்தில், கலப்பு சிமெண்ட் கொஞ்சம் பின்தங்கும். மிஞ்சும் சுண்ணாம்பு குறைவு என்பதால் காரமும் சீக்கிரம் குறைகிறது. இதை மறைத்து "எல்லாவற்றிலும் சிறந்தது" என்று விற்கக் கூடாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட் கனம், சரியாக இருக்க வேண்டும், கலவையில் தண்ணீர் அளவு குறைய வேண்டும், க்யூரிங் (இறுகும் வரை நனைத்து வைப்பது) ஒழுங்காக நடக்க வேண்டும். கீழே விழுந்த சன்ஷேடுகளில் நான் பார்த்தவற்றில் கம்பிக்கும் வெளி முகத்துக்கும் நடுவே அரை அங்குலம்கூட இருக்காது. கம்பி அடியில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் செருகியிருப்பார்கள். அதற்குச் சாம்பலைத் திட்டி என்ன பயன்?

எல்.சி.3 பற்றி: கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாமல் அரைத்த சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண்ணை 700 – 850 டிகிரியில் சுட்டால் போதும், அதிலிருந்து நீராவிதான் வெளியேறும், கார்பன் இல்லை. ஓ.பி.சி.யோடு ஒப்பிட்டால் 30 – 40 சதவீதம் குறையும். சுவிட்சர்லாந்தின் லோசான், கியூபா, தில்லி ஐ.ஐ.டி., நம் சென்னை ஐ.ஐ.டி. எல்லாம் சேர்ந்து வளர்த்தது. ஆயுள் சோதனைகளில் பல இங்கே நடந்தன என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. 2023-ல் ஐ.எஸ். 18189 என்று தனித் தரமே வந்துவிட்டது.

ராஜி_மடிப்பாக்கம்
தரம் வந்தது சரி. கடையில் வந்ததா? மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, வேளச்சேரி என்று கேட்டுவிட்டேன். ஒரு கடைக்காரர், "அது எந்தக் கம்பெனி மேடம்?" என்று என்னையே கேட்டார்.

எண்ணூர்க்காரன்
எல்லோரும் சாம்பலைத் தூக்கிக் கொஞ்சுகிறீர்கள். அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?

கொசஸ்தலை ஆற்றில் இறங்கினால் சில இடங்களில் கால் சேற்றில் புதைவதில்லை, சாம்பலில் புதைகிறது. செப்பாக்கம் ஊரைச் சுற்றிச் சாம்பல் குளம். காற்றடிக்கும் மாதத்தில் காயப்போட்ட துணியைத் தட்டித்தான் எடுக்க வேண்டும். இறாலும் நண்டும் எங்கே போயின என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இவ்வளவுக்கும் மூலம் நிலக்கரி. அதன் மிச்சத்தை மூட்டையில் போட்டு "பசுமை" என்று ஒட்டினால் நிலக்கரி பசுமையாகிவிடுமா? நீங்கள் குறைத்ததாகச் சொல்லும் 11 டன் இருக்கட்டும். சாம்பல் உண்டானபோது வெளியான புகையை யார் கணக்கில் எழுதுவது? மின்சாரக் கணக்கில் எழுதிவிட்டு, சிமெண்டுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

சூளைவாசி
தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. கணக்கு விஷயத்தில் துறைக்குள்ளேயே சண்டை உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆற்றில் இருக்கும் சாம்பலும் மூட்டைக்குள் போகும் சாம்பலும் ஒன்றல்ல. சிமெண்டுக்கு வேண்டியது புகைக்கூண்டுக்கு முன்னால் மின்வடிகட்டியில் பிடித்து, உலர்ந்தபடியே சைலோவிலிருந்து டேங்கர் லாரியில் ஏறும் நுண்சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குழாயில் குளத்துக்கு அனுப்பிவிட்டால் அது சிமெண்டுக்கு உதவாது. செங்கல்லுக்கோ பள்ளம் நிரப்பவோதான். அதனால் எவ்வளவுக்கு உலர்ந்தபடி எடுக்கிறோமோ அவ்வளவுக்குக் குளத்துக்குப் போவது குறையும். 2021 டிசம்பர் 31-ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிக்கையும் அதைத்தான் கட்டாயமாக்கியது. சாம்பல் முழுவதும் பயன்பட வேண்டும், பயன்படாமல் விட்டதற்கு டன்னுக்கு 1,000 ரூபாய் ஈடு கட்ட வேண்டும் என்று.

எண்ணூர்க்காரன்
> அறிவிக்கையும் அதைத்தான் கட்டாயமாக்கியது

1999-லிருந்து அறிவிக்கை மேல் அறிவிக்கை. காகிதம் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் காட்டி நிலக்கரி நிலையத்துக்கு ஆயுள் நீட்டிப்பு கேட்காமல் இருந்தால் சரி.

ஆய்வுமாணவன்_கிண்டி
எண்ணூர்க்காரர் சொன்னதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல நாடுகளில் நிலக்கரி நிலையங்கள் மூடப்படுவதால் நல்ல சாம்பல் கிடைப்பதே திண்டாட்டமாகி வருகிறது. ஸ்லாக்கும் அப்படித்தான், ஊது உலை இரும்பு ஆலை இருந்தால்தான் உண்டு. கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே விற்றுப்போகிறது. சுட்ட களிமண் பக்கம் எல்லோரும் திரும்பியதன் காரணம் அதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெட்டி எடுக்கும் அடுக்குகளில் சீனக் களிமண் உண்டு. எல்.சி.3-க்கு வேண்டிய கயோலினைட் என்ற களிமண் தாது 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும், பீங்கானுக்கு ஆகாத மட்டக் களிமண்ணே சரியாக இருக்கும்.

மயிலை_சாரதா
இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நம் ஊரில் சிமெண்டே இல்லாமல் நூறு வருஷம் தாண்டி நிற்கும் வீடுகள் இல்லையா? சிப்பிச் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வெயிலுக்கு எவ்வளவு குளுமை! சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்பதே என் கட்சி.

இன்னொரு செய்தி. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் தொடக்க கால முயற்சிகளில் ஒன்று நடந்ததே நம் மெட்ராஸில்தான், 1904-ல், கடல் சிப்பியை வைத்து. நிலைக்கவில்லை. பிறகு போர்பந்தரில் ஆலை வந்தது.

சூளைவாசி
சாரதா அம்மா, சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒரே பொருள். காளவாயில் போட்டுச் சுட்டால் அதே 44 கிலோ வெளியே போகும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் இறுகுகிறது என்பது உண்மை, அது பெரிய நன்மை. ஆனால் சுண்ணாம்பை வைத்து மாடி மேல் மாடிக்கு பில்லர் போட முடியாது. இன்று சென்னை முழுக்கக் கட்டும் அளவுக்குச் சிப்பி வேண்டுமென்றால் பழவேற்காட்டில் ஒன்று மிஞ்சாது.

மயிலை_சாரதா
பில்லருக்குச் சொல்லவில்லையே. உள்சுவர்ப் பூச்சுக்கும் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்துக்கும் எதற்கு 53 கிரேடு? அதையாவது விடுங்கள் என்கிறேன்.

கட்டிடக்கலை_நிலா
சாரதா அம்மா சொன்ன அந்தக் கடைசி வரியோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். இழை முழுக்க "எந்த சிமெண்ட்" என்றே ஓடுகிறது. "எவ்வளவு சிமெண்ட்" என்று யாரும் கேட்கவில்லை. போடாத மூட்டைக்குக் கார்பனே கிடையாது.

என்னிடம் வரும் வரைபடங்களில் பத்தடி அறைக்கு ஆறு அங்குலத் தளம், தேவையில்லாத இடத்தில் பில்லர், "இருக்கட்டும் சார், ஸ்ட்ராங்கா" என்று ஒரு மூட்டை கூடுதல். தளத்தின் அடிப்பக்கக் காங்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து ஃபில்லர் ஸ்லாப் போட்டால் காங்கிரீட் மிச்சம், அறையும் குளுமை. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் இதை ஊர் ஊராகச் செய்து காட்டினார். சென்னையில் சொன்னால், "ஓடு தெரியுமே மேடம், சீலிங் எப்படி அடிக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

கலவை_குமார்
நிலா மேடம் சொல்றது கரெக்டு. ஆனா சைட்ல சிமெண்ட் வேஸ்டாகறது வேற எடத்துல. தண்ணி. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர்தான் கணக்கு. நம்ம ஆளுங்க ஓஸை கலவை மிஷின் வாயில விட்டா எடுக்கவே மாட்டாங்க, கலவை சாம்பார் மாதிரி ஓடும். அப்புறம் வலு போச்சேன்னு மூட்டையை ஏத்துவாங்க. பழைய மூட்டையும் அப்படித்தான், மூணு மாசம் குடோன்ல கெடந்தா அஞ்சுல ஒரு பங்கு வலு போயிடும். மூட்டையில வாரம், மாசம், வருஷம் போட்டிருக்கும் மேடம், எறக்கும்போதே பாருங்க.

இப்ப உங்க கான்ட்ராக்டர் ஏன் 53-ல நிக்கிறாருன்னு சொல்றேன். கேரண்டியெல்லாம் சும்மா. அவருக்கு சென்ட்ரிங் பிரச்சனை. தளம் இறுகற வரைக்கும் கீழ தாங்கற ஷீட்டு, ஜாக்கி, சவுக்கு முட்டு எல்லாம் வாடகை. உங்க வீட்டுத் தளத்துல மாட்டிக்கிட்டு இருந்தா அடுத்த சைட்டு நிக்கும். 53 போட்டா ஒரு வாரத்துல உருவிக்கிட்டுப் போயிடலாம். பி.பி.சி.ன்னா இன்னும் நாலஞ்சு நாளு விடணும். தண்ணியும் அதே மாதிரி, 53-க்கு ஏழு நாளு விட்டா பேரு பண்ணிடலாம், இதுக்குப் பத்து நாளு, வெயில்ல ரெண்டு வாரம். மேல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், பில்லருக்குச் சாக்கு சுத்தி நனைக்கணும். அதுக்கு ஒரு ஆளு, ஒரு டேங்கர் லாரி. யாரு காசு?

ஆய்வுமாணவன்_கிண்டி
குமார் அண்ணே, இதை நாங்கள் பத்துப் பக்கக் கட்டுரையில் எழுதுகிறோம். ஐ.எஸ். 456-ம் இதையேதான் சொல்கிறது. சாதா ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் க்யூரிங், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், வெப்பமும் வறட்சியும் இருந்தால் 14 வரை. தளத்து முட்டு எடுக்க 4.5 மீட்டர் வரையான இடைவெளிக்கு 7 நாள், அதற்கு மேல் 14 என்பது ஓ.பி.சி.யை மனதில் வைத்து எழுதியது. வேறு சிமெண்டுக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெருங்குடி_வாசு
சூளைவாசி ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் பெருங்குடிக் குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்து, எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி எல்லாவற்றையும் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினார்கள். நிலக்கரிக்குப் பதில் குப்பை என்றால் இரட்டை லாபம் இல்லையா? கொடுங்கையூரில் எரி உலை வேண்டாம் என்று அவ்வளவு போராட்டம் நடக்கிறது. அரியலூரில் எரித்தால் மட்டும் சரியா?

சூளைவாசி
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கில்னுக்குள் இருக்கும் வெப்பமும், புகை உள்ளே தங்கும் நேரமும் சாதாரண எரி உலையில் கிடைக்காது. சாம்பலும் தனியாக மிஞ்சாது, கிளிங்கரோடு கலந்துவிடும். அதனால் எரி உலையை விடக் கில்ன் மேல். ஐரோப்பாவில் சிமெண்ட் ஆலை எரிபொருளில் பாதியளவு இப்படிப்பட்டதுதான்.

ஆனால் குப்பை மேட்டிலிருந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரம், மண், நடுவே பி.வி.சி. துண்டு. ஈரம் வெப்பத்தைத் தின்னும். பி.வி.சி.யில் உள்ள குளோரின் ப்ரீஹீட்டரில் (கல்மாவைச் சூடேற்றும் கோபுரம்) சுற்றிச் சுற்றி வந்து அதன் கூம்புகளின் கழுத்தில் கட்டி கட்டியாகப் படியும். நடு ராத்திரியில் கம்பியை விட்டு இடித்தெடுக்கும் வேலை எங்கள் ஆட்களுக்கு, மேலே கொதிக்கும் கல்மாவு கொட்டும் ஆபத்தோடு. மாநகராட்சியில் வீட்டுக்கு வீடு ஒழுங்காகப் பிரித்தால் நாங்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அரியலூர்க்காரர்கள் ஏற்கெனவே சுரங்கப் பள்ளத்தோடும் லாரிப் புழுதியோடும் வாழ்கிறார்கள். சென்னைக் குப்பையும் அங்கேயே என்றால் புகைபோக்கி அளவீடு அவர்கள் கண்முன் இருக்க வேண்டும், அது என் உறுதியான கருத்து.

கடற்கரை_சேகர்
கார்பனைப் பிடித்துப் பூமிக்குள் புதைக்கிறார்களாமே, அது வந்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

சூளைவாசி
நார்வேயில் பிரெவிக் என்ற ஊரின் சிமெண்ட் ஆலையில் 2025 ஜூனில் தொடங்கிவிட்டார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன், அந்த ஆலை வெளியிடுவதில் ஏறத்தாழ பாதி. பிடித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி வடகடலுக்கு அடியில் இறக்குகிறார்கள். அரசு பெரும் பணம் போட்டதால் நடந்தது. நம் அரியலூரிலும் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டம் என்று 2019-ல் அறிவிப்பு வந்தது. பிடிப்பதற்குத் தனியாக ஆவியும் மின்சாரமும் வேண்டும், பிடித்ததை வைக்க இடம் வேண்டும். ராஜி அம்மா தளம் போடுவதற்குள் வராது, என் பேரன் தளம் போடும்போது வரட்டும்.

நெறியாளர்
பிராண்ட் பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் கவனிக்க: இந்த இழையில் கம்பெனிப் பெயர், கடைப் பெயர், விலைப்பட்டியல் வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ராஜி_மடிப்பாக்கம்
கான்ட்ராக்டரிடம் பேசினேன். குமார் அண்ணன் சொன்னதை அப்படியே கேட்டேன்: "சென்ட்ரிங் எத்தனை நாள் கூடுதலா நிக்கணும், அதுக்கு எவ்வளவு?" மனுஷன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் கேரண்டிப் பேச்சே வரவில்லை. ஒரு தளத்துக்கு 9,000 கூடுதலாகக் கொடுத்தால் விட்டுவைக்கிறேன் என்றார். இரண்டு தளத்துக்கு 18,000. கடையில் பி.பி.சி. மூட்டைக்கு 15 ரூபாய் கம்மி, 880 மூட்டைக்கு 13,200 மிச்சம். ஆக என் கையிலிருந்து 4,800 ரூபாயும் தண்ணீர்ச் செலவும். 11 டன்னுக்கு இது ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் யாரும் இதை இப்படி உடைத்துச் சொல்லாததுதான் எனக்கு எரிச்சல்.

இப்போது புதுக் குழப்பம்: தளத்துக்கு ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் காங்கிரீட்) எடுக்கலாம் என்கிறார். அவர்கள் ஓ.பி.சி.தானே போடுவார்கள்?

கட்டிடக்கலை_நிலா
ரெடிமிக்ஸ் ஆலைகள் ஓ.பி.சி. வாங்கினாலும் சாம்பலோ ஸ்லாக்கோ தாங்களே அளந்து சேர்ப்பது வழக்கம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆர்டர் கொடுக்கும் முன் மிக்ஸ் டிசைன் தாளைக் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் இத்தனை கிலோ, சாம்பல் இத்தனை கிலோ, தண்ணீர் இத்தனை என்று இருக்கும். வண்டி வந்ததும் அந்த லோடில் போட்ட அளவு எழுதிய பேட்ச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். வழியில் டிரைவர் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வண்டி பள்ளிக்கரணை டிராஃபிக்கில் மாட்டினால் அந்த ஆசை வரும். சைட்டில் கையால் கலப்பதென்றால் பி.பி.சி. வாங்குங்கள், ஓ.பி.சி. வாங்கிவந்து நீங்களே சாம்பல் மூட்டையைக் கொட்டிக் கலக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆய்வுமாணவன்_கிண்டி
மடிப்பாக்கம் என்பதால் ஒன்று: கலவைக்கு போர்வெல் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் சில தெருக்களில் தண்ணீர் உப்பு. அது தெரியாமல் எந்த சிமெண்ட் போட்டும் பயனில்லை. கடலோரமாகக் கட்டுகிறவர்கள் ஸ்லாக் சிமெண்டையும் யோசிக்கலாம், ஐ.எஸ். 455-ல் ஸ்லாக் 70 சதவீதம் வரை போகும்.

கடற்கரை_சேகர்
எங்கள் அசோசியேஷனில் சன்ஷேடு முழுக்க உடைத்துப் போடப் போகிறோம். அந்த ஸ்லாக் சிமெண்ட் விஷயத்தைத் தனி இழையாக எழுதுங்களேன் தம்பி. இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கவர் பிளாக்கை மட்டும் நானே நின்று எண்ணிப் பார்த்து வைக்கப் போகிறேன்.

ராஜி_மடிப்பாக்கம்
கான்ட்ராக்டரோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இதை எப்படிப் போடுவது? வாய்ச்சொல் வேண்டாம்.

கலவை_குமார்
எழுதிக்கோங்க மேடம்: "தளம், பில்லர், பீம் எல்லாத்துக்கும் பி.பி.சி., மூட்டை ஆறு வாரத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. தளத்து முட்டு 14 நாளு கழிச்சு, க்யூபு (சோதனைக்கு ஊத்தி வச்ச காங்கிரீட் கட்டி) உடைச்சு ரிப்போர்ட் பார்த்துட்டுத்தான் எடுக்கணும். தண்ணி 14 நாளு, ஆளு கான்ட்ராக்டர் பொறுப்பு, லாரித் தண்ணி ஓனர் பொறுப்பு." ஒவ்வொரு தளத்துக்கும் ஆறு க்யூபு எடுக்கச் சொல்லுங்க, மூணு 7 நாளுல, மூணு 28-ல. பி.பி.சி.க்கு 7 நாளு ரிப்போர்ட் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், அதைப் பார்த்துட்டு யாராவது "பாத்தீங்களா"ன்னு வந்தா 28 வரைக்கும் இருங்கன்னு சொல்லுங்க.

ராஜி_மடிப்பாக்கம்
க்யூபு அச்சு அவர் கொண்டுவருவாரா, நாம் வாங்க வேண்டுமா?

கலவை_குமார்
டெஸ்ட் பண்ற லேப்லயே குடுப்பாங்க மேடம், டெபாசிட் கட்டணும். உள்ள ஆயில் தடவிட்டு ஊத்தச் சொல்லுங்க, இல்லன்னா கழட்டும்போது மூலை ஒடஞ்சிடும்.